தொட்டி வாயில் நின்ற கப்பல் டாக்டர்

எங்கள் கம்பெனி ஆம்புலன்ஸ் ரூமில் இருந்த மருந்து அலமாரிகளில், தட்டுக்குத் தட்டு முன்பக்கம் ஒரு மரச்சட்டம் அடித்திருக்கும். பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் புறங்கையில் இடிக்கும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு அறையைப் புதுப்பிக்க வந்த தச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, கோழிக்கூண்டு மாதிரி கீது? எவன் அடிச்சான்?" என்று கேட்டார்.

"கப்பல் டாக்டர்" என்றேன். "கப்பல் ஆடுனா பாட்டில் உருண்டு விழக் கூடாதில்ல, அதுக்கு."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றிருந்தன. "இங்க எங்கம்மா கப்பல் ஆடுது?" என்று சொல்லிவிட்டுச் சட்டத்தைப் பெயர்க்க ஆரம்பித்தார். எனக்கு அடுத்து நர்ஸ் நாற்காலியில் உட்காரப் போகிற பவித்ரா, "யாருக்கா அது கப்பல் டாக்டர்?" என்றாள். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை அவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இப்போது அந்த அறையில் டாக்டருக்கு நாற்காலி கிடையாது. சுவரில் ஒரு திரை இருக்கிறது. பட்டனை அமுக்கினால் எங்கேயோ இருக்கிற ஒரு டாக்டர் முகம் தெரிகிறது, மாத்திரை பெயர் சொல்கிறது. குறை சொல்லவில்லை, தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் அது போதும். ஆனால் ஓடி வருவதற்கு அதற்குக் கால் இல்லையே.

என் பெயர் ஸ்டெல்லா. வாலாஜாபாத் பக்கம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்து, அங்கேயே பிரசவ வார்டில் கொஞ்ச காலம் கத்தலும் அழுகையுமாக இருந்துவிட்டு, இந்தப் பக்கம் கம்பெனிகள் வரிசையாக வந்த காலத்தில் இங்கே சேர்ந்தேன். கண்ணில் விழுந்த இரும்புத்தூள், வெட்டுப்பட்ட விரல், காலையில் சாப்பிடாமல் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு வந்து மயங்கி விழுகிற பெண் பிள்ளைகள், இவ்வளவுதான் என் வேலை. நிம்மதியான வேலை என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் அவர் வந்தார்.

சர்ஜன் கேப்டன் சந்தானம். டாக்டருக்குப் படித்து முடித்ததும் கடற்படையில் சேர்ந்தவர். ஓய்வு பெறும் வரை வேறு எதுவும் செய்ததில்லை. கிளினிக் வைக்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டும் போகவில்லை. அவர் உடம்பு பார்த்ததெல்லாம் மாலுமிகளுக்குத்தான். படப்பையில் வீடு கட்டிக்கொண்டு வந்தவரை எங்கள் கம்பெனி மருத்துவ அதிகாரியாகப் போட்டது. ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பெருக்குகிற அம்மாவிலிருந்து பிளான்ட் ஹெட் வரை எல்லோரையும் "வாங்க, போங்க" தான். அவர் யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை.

வந்த முதல் வாரமே அலமாரிக்குச் சட்டம் அடித்தார். ஆக்சிஜன் சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டினார். பிறகு கேன்டீனுக்குப் போனார். கப்பலில் சமையலறையும் டாக்டர் பொறுப்பாம். முதல் பந்திக்கு முன்னால் இவர் போய் ஒவ்வொரு அண்டாவாக மோந்து பார்த்து, ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்து, தலையாட்டினால்தான் பரிமாற வேண்டும். சமையல் மாஸ்டருக்கு வயிற்றெரிச்சல். ஆட்களுக்குக் கொண்டாட்டம். "கடல்ல முங்கி முத்து எடுத்தவரு, இப்ப சாம்பார்ல முங்கி முருங்கைக்கா எடுக்குறாரு" என்று லைனில் பேசிக்கொள்வார்கள். அவர் காதில் விழும். சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு அண்டாவுக்கு முன்னால் நிற்பார்.

எனக்கு ஆகாதது வேறு ஒன்று. அவர் எதைச் சொன்னாலும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "டிடி ஊசி போடுங்க சிஸ்டர்" என்றால், "டிடி ஊசி போடுறேன் சார்." "இடது கண்ணைக் கழுவுங்க" என்றால், "இடது கண்ணைக் கழுவுறேன் சார்." கிளிப்பிள்ளை மாதிரி. கட்டுப் போட வந்தவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எனக்குக் காது நல்லாத்தான் சார் கேக்குது" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் சிஸ்டர். இது உங்க காதுக்காக இல்ல, என் வாய்க்காக. நான் தப்பாச் சொல்லியிருந்தா, நீங்க திருப்பிச் சொல்றப்ப எனக்கே கேக்கும்."

இத்தனை வருஷத்தில் நான் பார்த்த டாக்டர்களில், தன் வாய் தப்பாகச் சொல்லலாம் என்று நினைத்த ஒரே டாக்டர் அவர். எனக்கு மட்டும் இல்லை, பாதுகாப்பு வகுப்புக்கு வருகிற எல்லோருக்கும் இதே பழக்கத்தைப் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்தார். பாதி பேர் கேலியாகச் சொன்னார்கள். சொன்னால் போதும் என்று விட்டுவிடுவார்.

கடலைப் பற்றி அதிகம் பேச மாட்டார். ஒரு மழை நாளில் பஸ் வராமல் நாங்கள் மாட்டிக்கொண்டபோது, காபி வாங்கிக் கொடுத்துக் கொஞ்சம் பிடுங்கினேன். நடுக்கடலில், கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டிருக்க, ஒரு பையனுக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார். பையனை மேஜையோடு கட்டினார்களாம். டாக்டரின் இடுப்பை இரண்டு மாலுமிகள் பிடித்துக்கொண்டார்களாம். "பயமா இல்லையா சார்?" என்றேன். "பக்கத்து வார்டுக்குப் போய் இன்னொருத்தரைக் கேக்க முடியாதே சிஸ்டர். இருக்கிறது நான் ஒருத்தன்தான். அப்படின்னா பயப்பட்டு என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். பெருமைக்காகச் சொன்ன மாதிரி இல்லை.

ஏழுமலை என்று ஒருவன். கான்ட்ராக்ட் ஆள். வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். கேன்டீன் கழிவுத் தண்ணீர், குழாய், மோட்டார் எல்லாம் அவன் பார்வையில். எப்போதும் ஈரத்திலேயே நிற்பதால் காலில் சேற்றுப்புண். மருந்துக்கு வருவான். "சிஸ்டர், மருந்து குடுக்கசொல்ல ஒரு சிரிப்பையும் சேத்துக் குடு. அதுக்கும் நோட்டுல கையெழுத்து வாங்குவாங்களா?" என்பான். அவன் தம்பி தணிகாசலம் லோடிங்கில் இருந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே பைக்கில் வந்து ஒரே பைக்கில் போவார்கள்.

கேன்டீனுக்குப் பின்னால் தரைக்குக் கீழே ஒரு கழிவுத் தொட்டி. ஓர் ஆள் இறங்குகிற அளவு சதுர வாய், உள்ளே இரும்பு ஏணி. மோட்டார் வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும், காற்றைச் சோதிக்காமல் யாரும் இறங்கக் கூடாது. இதெல்லாம் ஏழுமலைக்கும் தெரியும். அன்றைக்கு உறிஞ்சுகிற குழாயின் வாயில் துணி அடைத்துக்கொண்டது. சோதிக்கிற மீட்டரை எடுத்துவர ஒருவன் போயிருந்தான். நாலு படி இறங்கினால் கைக்கு எட்டும் துணி. மீட்டர் வரும் வரை காத்திருப்பானேன் என்று ஏழுமலை இறங்கிவிட்டான்.

நானும் டாக்டரும் அப்போது கேன்டீனில், ரசத்துக்கு முன்னால். பின்பக்கமிருந்து சத்தம் வந்தது. "ஆள் வுழுந்துட்டான்."

அவர் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர், எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். தொட்டி வாயைச் சுற்றி கான்ட்ராக்ட் மேஸ்திரியும் நாலைந்து பேரும். ஒருவன் ஏற்கெனவே ஏணியில் ஒரு கால் வைத்திருந்தான். டாக்டர் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"யாரும் இறங்கக் கூடாது."

நான் எட்டிப் பார்த்தேன். கீழே இருட்டில் ஏழுமலையின் முதுகு தெரிந்தது. சேற்றில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தான். ஒரு குறட்டை மாதிரி சத்தம் வந்தது. ஆள் உயிரோடு இருந்தான்.

"சிஸ்டர், ஃபயர் செக்‌ஷனுக்குப் போன். மூச்சுக் கருவி ரெண்டு, கயிறு, ஆம்புலன்ஸ்."

"மூச்சுக் கருவி ரெண்டு, கயிறு, ஆம்புலன்ஸ் சார்."

"மேஸ்திரி, காத்து ஹோஸை உள்ள விட்டுத் திறந்து விடுங்க."

மேஸ்திரியும் திருப்பிச் சொல்லிவிட்டு ஓடினார். ஃபயர் செக்‌ஷன் மெயின் கேட் பக்கம். எங்கள் கம்பெனியோ ஒரு சின்ன ஊர். அந்தக் கோடியிலிருந்து அவர்கள் வந்து சேர வேண்டும். அதுவரை நிற்க வேண்டும். அவ்வளவுதான், நிற்க வேண்டும். இதைவிடக் கஷ்டமான வேலையை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் தணிகாசலம் வந்தான். யார் போய்ச் சொன்னார்களோ, "அண்ணா" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான்.

"தள்ளு சார்."

"தம்பி, நீங்க போகக் கூடாது."

"எங்கண்ணன் சார் உள்ள கெடக்குறான். தள்ளு சார்."

"உள்ள காத்து இல்ல. நீங்க இறங்கினா நீங்களும் விழுவீங்க. கருவி வந்துக்கிட்டே இருக்கு."

"வர்றதுக்குள்ள அவன் செத்துடுவான்யா."

டாக்டர் அதற்கு இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். தணிகாசலம் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவர் பின்னால் சாயாமல் முன்னால் விழுந்தார், அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு அவனுடையது. அவரைக் குத்தினான், உதைத்தான். அவர் அவன் மேல் படுத்துக்கொண்டார். கடைசியில் அவர் முன்கையைக் கடித்தான். சட்டைக் கை சிவப்பானது. அவர் பிடி தளரவில்லை. சுற்றி நின்றவர்கள், "வுடுங்க சார், அண்ணன் சார் அவனுக்கு", "நீயெல்லாம் ஒரு டாக்டரா" என்று கத்தினார்கள்.

தொட்டியில் அந்தக் குறட்டைச் சத்தம் இன்னொரு தடவை வந்தது. அப்புறம் வரவில்லை.

அந்த மௌனத்தை நான் எப்படிச் சொல்வது? மூச்சு நின்றவனை எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியும். கை அதற்காகவே பழகிய கை. ஏழுமலை நாலு படிக்குக் கீழே கிடக்கிறான். பாதுகாப்பு வகுப்பில் அத்தனை தடவை பாடம் எடுத்தவள் நான். அப்படியும் எப்போது செருப்பைக் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. என் கால் ஏணியின் முதல் படியில் இருந்தது.

"சிஸ்டர்."

தரையில் படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. ஊசி போடச் சொல்கிற அதே குரல்.

"திருப்பிச் சொல்லுங்க. நான் இறங்க மாட்டேன்."

என் வாய் அதுவாகத் திறந்தது. "நான் இறங்க மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வெளியே எடுத்தேன்.

"எல்லாரும் சொல்லுங்க" என்றார். மேஸ்திரி முதலில் சொன்னார். இழுத்துப் போடப்பட்ட அந்த ஆள் அழுதுகொண்டே சொன்னான். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தணிகாசலம் மட்டும் சொல்லவில்லை. அவருக்கு அடியில் முகத்தைத் தரையில் வைத்து, அண்ணா அண்ணா என்று முனகிக்கொண்டிருந்தான்.

ஃபயர் ஆட்கள் முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு இறங்கி ஏழுமலையைக் கயிறு கட்டி மேலே கொடுத்தார்கள். அதற்கப்புறம் டாக்டரைப் பார்க்க வேண்டுமே. அடி வாங்கிய நெஞ்சு, ரத்தம் வழிகிற கை, அதோடு முட்டி போட்டு ஏழுமலையின் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். நான் முகத்தைத் துடைத்து மூச்சுப் பையை அமுக்கினேன். ஆம்புலன்ஸிலும் அவர் நிறுத்தவில்லை. லாரிகளுக்கு நடுவே வண்டி வளைந்து வளைந்து போகிறது. நானும் உதவியாளரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து விழுகிறோம். அவர் மட்டும் காலை அகட்டி, வண்டி சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைக் கொடுத்து, தாளம் தப்பாமல் அமுக்கிக்கொண்டே வந்தார். "வாங்க ஏழுமலை, வாங்க" என்று அவனிடமும் மரியாதையாகத்தான் பேசினார்.

ஏழுமலை வரவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

மாலையில் ஆம்புலன்ஸ் ரூமில் அவர் கைக்கு மருந்து போட்டேன். பல் பதிந்த இடம் ஆழமாக இருந்தது. "வலிக்குதா சார்?" என்றேன். "அந்தத் தம்பிக்குப் பல்லுல அடி பட்டிருக்கும். யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் ஒரு கப்பலில் நடந்ததைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாள்கணக்கில் மூடிக் கிடந்த ஓர் அறையைத் திறந்திருக்கிறார்கள். ஒருவன் இறங்கி விழுந்தான். அவனைத் தூக்க இன்னொருவன், அவனைத் தூக்க மூன்றாமவன். இவர் போய்ச் சேர்வதற்குள் மூன்று உயிரும் போய்விட்டது.

"முதல் ஆளைக் கொன்னது கெட்ட காத்து. மத்த ரெண்டு பேரைக் கொன்னது பாசம் சிஸ்டர். பாசத்துக்கு மருந்து எங்க புஸ்தகத்துல இல்ல. குறுக்க நிக்கலாம், அவ்வளவுதான்."

மறுநாள் ஏழுமலையின் ஊரில் அடக்கம். ஆபீசில் அவரைப் போக வேண்டாம் என்றார்கள். ஊர் கொதித்துப் போயிருக்கிறது, டாக்டர்தான் காப்பாற்ற விடாமல் தடுத்தார் என்று பேச்சு, அடித்தாலும் அடிப்பார்கள் என்றார்கள். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். எனக்கும் பயம்தான். ஆனால் அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

தெருமுனையிலேயே இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இவன்தான்டா. உசுரோட இருந்தவன சாவ வுட்டவன்." ஒருவன் ஸ்கூட்டரை எட்டி உதைத்தான். அவர் இறங்கி, விழுந்த ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. காற்று, வாயு, கருவி என்று எவ்வளவு இருக்கிறது சொல்ல. பந்தலுக்கு வெளியே, வெயிலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். யாரும் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்த பிறகும் அவர் அங்கேயே நின்றிருந்தார். தணிகாசலம் வந்து சுவரோரம் சுருண்டு உட்கார்ந்தான். முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவன் பல்லில் படவில்லை என்று பக்கத்துப் பெண் என்னிடம் சொன்னாள். யார் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அவர்களுடைய அம்மா வந்தார். தலை கலைந்து, குரல் போய், இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து வந்தார்கள். டாக்டருக்கு நேர் எதிரே வந்து நின்றார்.

"நீதானா?"

"நான்தாம்மா."

"என் பெரியவன் உள்ள கெடக்கசொல்ல, சின்னவன் மேல படுத்துக்கினியாமே."

"ஆமாம்மா."

"அவன் உன்ன அடிச்சானா?"

"அடிச்சார்மா."

"அப்பக்கூட வுடலியா நீ?"

"விடலம்மா."

அந்த அம்மா அவர் கையில் நான் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் தலையைக் குனியவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் அவர் நின்றார் என்று எனக்குத் தோன்றியது. எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்தவர், ஓர் உயிரைக் கொடுக்க முடியாமல் போனதற்கு இப்படி வெயிலில் நிற்கிறாரே என்று நினைத்தேன். ஆழம் தெரியாத கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பிரமிப்பு எனக்கு. இன்றைக்கும் அது குறையவில்லை.

"உன்ன கும்புட எனக்கு கை வரல சாமி" என்றார் அந்த அம்மா. "ஏசவும் வாய் வரல."

டாக்டர் தலையசைத்தார்.

அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பினார். "டேய் தணிகா. வெயில்ல நிக்கிறாரு. அவருக்கு தண்ணி மொண்டாந்து குடு."

தணிகாசலம் அசையவில்லை.

"எழுந்து வாடா. நேத்துல இருந்து ரெண்டு பேர் பேரையும் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டுக்கினு கீறேன். கூப்புட்டா வர்றதுக்கு நீ ஒருத்தனாவது கீறியே. எழுந்து வா."

அவன் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து டாக்டரிடம் நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பாதி குடித்தார். மீதியை அவனிடமே கொடுத்து, "நீங்களும் குடிங்க தம்பி" என்றார்.

அவன் குடித்தான்.